தே ஓ கோசோங்கும் ஒயினும்

மலேசியாவின் டெங்கிலில் எந்த மாமாக் உணவுக் கடையிலும் 'தே ஓ கோசோங்' என்று சொல்லிப் பாருங்கள். தேநீர் வரும்; பாலும் வராது, சீனியும் வராது. மலாயில் 'கோசோங்' என்றால் வெறுமை. தொலைபேசி எண்ணில் பூஜ்யமும் அதுவே. ஒயின் சீசாவில் 'டிரை' என்று போட்டிருப்பதும் இந்தக் கோசோங்தான். தண்ணீர்ச் சரக்கு எப்படி உலர்ந்திருக்கும் என்று குழம்ப வேண்டாம்.

அந்தச் சீனி எங்கே போனது? நன்கு பழுத்த திராட்சையின் ஒரு லிட்டர் சாற்றில் 200 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். தேக்கரண்டிக் கணக்கில் ஐம்பது! ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் அதைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. மிச்சம் 4 கிராமுக்கு மேல் போகாவிட்டால் ஐரோப்பிய விதிப்படி அது 'டிரை'. ஐம்பது கரண்டியில் ஒன்றுதான் தப்பியது. பாளையில் வடியும்போது தித்திக்கிற தென்னங்கள் பொழுது ஏற ஏறக் காட்டமாவதும் இதே ஈஸ்டின் கைவரிசைதான்.

அடுத்த சொல் 'டானின்', அதாவது துவர்ப்புப் பொருள். தேயிலையை அதிக நேரம் ஊறவிட்டுக் குடித்தால் நாக்கு சொரசொரக்கும் அல்லவா? உண்மையில் அது சுவையே அல்ல, தொடு உணர்ச்சி. எச்சிலில் உள்ள சில புரதங்கள் வாய்க்கு எண்ணெய் போட்டது போன்ற வழுவழுப்பைத் தருகின்றன. டானின் அவற்றைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. எண்ணெய் வற்றிய கதவுக் கீலாகிறது வாய். பால் கலந்து இழுத்து ஆற்றும் தே தாரிக்கில் இந்தச் சொரசொரப்பு குறைவு, ஏனென்றால் டானின் முதலில் பால் புரதத்திடம் சிக்கிக்கொள்கிறது. சிவப்பு ஒயினுக்குப் பாலாடைக்கட்டியைத் துணை சேர்ப்பவர்கள் அறிந்தோ அறியாமலோ தே தாரிக் வித்தையைத்தான் செய்கிறார்கள்.

'பாடி' என்பது வாயில் தெரியும் கனம். தண்ணிப் பாலுக்கும் கெட்டிப் பாலுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது 'ஒயின் கண்ணீர்'. கோப்பையைச் சுழற்றினால் உட்சுவரில் துளிகள் ஏறித் திரண்டு வழியும். சுவரில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிறது, மிஞ்சுவது நீர். நீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைத் தோல்போல் இழுத்துப் பிடிக்கும் விசை, ஆல்கஹாலைவிட மூன்று மடங்குக்கு மேல். அது கீழிருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது. பாரம் கூடியதும் துளி சரிகிறது. கோப்பையை மூடினால் கண்ணீர் நின்றுவிடும். நிறையக் கண்ணீர் விட்டால் உயர்ந்த ஒயின் என்பது வெறும் பேச்சு. ஆல்கஹால் கூடுதல் என்பதற்கே அது சாட்சி.

வண்டலை அடியில் தங்கவிட்டுத் தெளிவை மட்டும் இறுப்பதை 'டிகான்ட்' என்கிறார்கள். அப்படித் தெளிந்த மதுவுக்குத் தமிழில் தனிச்சொல்லே உண்டு: தேறல். யவனர், அதாவது கிரேக்க-ரோமானிய வணிகர், கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாடுகிறார். அந்த வணிகத்துக்கு மண்ணிலும் தடயம் உண்டு: புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடி மதுச்சாடித் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன.