முதல் கவளம் – 9: பல்லுக்குக் காத்திருக்க வேண்டாம்

குழந்தையின் ஆறாம் மாதத்து முதல் கூழோடு போன வாரம் நிறுத்தினோம். ஏன் ஆறு மாதம், அதுவரை ஏன் தாய்ப்பால் மட்டும் என்பதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் முட்டையும் மீனும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஆரணியில் ஓர் அரிசி மண்டியில் நொய் மூட்டைகளைப் பார்த்ததிலிருந்து மனசு வேறெதிலும் நிற்கவில்லை. முட்டை காத்திருக்கட்டும்.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச் சேலை. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச் சத்தம்தான். ஆனால் தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கு ஆரணி என்றால் அரிசியும்தான். ஆரணியிலும் பக்கத்துக் களம்பூரிலும் ஆலைகள் நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, உமி நீக்கி, பாலிஷ் போட்டு, கடைசியில் சலிக்கின்றன. முழு மணி ஒரு பக்கம் போகும். உடைந்தது குருணை, அதற்கும் பொடிசு நொய் என்று தனித்தனியே விழும். முழு அரிசியைவிட நொய் விலை குறைவு. கோழிக்கும் மாட்டுக்கும் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு மாதக் குழந்தைக்கென்றே சல்லடை போட்டு எடுத்ததுபோல அது மூட்டைகளில் கிடக்கிறது. அதே ஊரில், தெரு தள்ளி, தறிவீடுகளில் ஒன்பது மாதக் குழந்தைக்கு இட்லியைக்கூட மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித்தான் ஊட்டுகிறார்கள்.

ஏன் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில். "பல்லு மொளைக்கட்டும் கண்ணு, அப்புறம் சோறு போட்டுக்கலாம்" என்றார் ஓர் ஆயா. பக்கத்தில் மருமகள் குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டே, "தொண்டையில மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்றது?" என்றார். இரண்டுமே அன்பிலிருந்து வருகிற பேச்சு. இன்னொன்றும் கவனித்தேன். தறிக்கான பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் ஒரு கட்டி இருந்தாலும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கஞ்சியை வடிகட்டுகிற அதே கை, குழந்தையின் கஞ்சியையும் அதே பயத்தோடு வடிகட்டுகிறது. பாவுக்குக் கட்டி ஆகாது. குழந்தைக்குக் கட்டி வேண்டும், அதுவும் சீக்கிரமே வேண்டும்.

1964-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ரொனால்டு இல்லிங்வொர்த்தும் லிஸ்டர் என்ற அவருடைய சக ஆய்வாளரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெல்லக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு, அந்தப் பருவத்தில் கெட்டியான உணவு வாய்க்கு வராவிட்டால் பிறகு கொடுப்பது பெரும் பாடு என்பது அவர்கள் வாதம். அப்போது அது மருத்துவர்களின் அனுபவக் கணிப்பு. பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வு அதற்கு எண்களைக் கொடுத்தது. பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பார்த்த குழந்தைகள் 15 மாதத்தில் சாப்பாட்டுக்கு அதிகம் அடம் பிடித்தார்கள் என்று 2001-இல் எழுதினார்கள். அதே குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்து 2009-இல் எழுதியதுதான் என்னை உலுக்கியது. ஒன்பது மாதம் தாண்டித் தொடங்கியவர்கள் ஏழு வயதிலும் காய்கறி, பழ வகைகளைக் குறைவாகவே சாப்பிட்டார்கள், ஊட்டுவதில் சிக்கலும் அவர்களுக்கே அதிகம். தாமதம்தான் முழுக் காரணம் என்று இந்த மாதிரி ஆய்வு அடித்துச் சொல்ல முடியாது. வாய் சரியில்லாத குழந்தைக்கு அம்மா தாமதமாகக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதே திசைதான்: ஆறு மாதத்தில் மசியல், எட்டு மாதத்தில் கையால் எடுத்துக் கடிக்கிற மெத்தென்ற துண்டுகள், ஒரு வயதில் வீட்டார் சாப்பிடுகிற சாப்பாடு.

பல் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் முளைப்பவை முன்பற்கள். அவை கடிக்க உதவும், அரைக்க உதவாது. அரைக்கிற கடைவாய்ப் பல் பெரும்பாலும் ஒரு வயது தாண்டித்தான் வரும். அதற்குக் காத்திருந்தால் அந்தப் பருவம் போய்விடும். குழந்தையின் ஈறு நாம் நினைப்பதைவிடக் கெட்டி. விரலை விட்டுப் பார்த்த எந்தத் தாய்க்கும் தெரியும். குழைந்த சோறு, வெந்த பூசணி, இட்லி இதெல்லாம் ஈறுக்கு அடங்கும். உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது நாக்குதான். பால் குடிக்கும் நாக்கு முன்னும் பின்னும் மட்டும் போகும். மெல்ல வேண்டுமானால் அது பக்கவாட்டில் திரும்பி, கவளத்தை ஈறுக்கு நடுவே தள்ள வேண்டும். மிக்ஸியில் அரைத்த கூழுக்கு அந்தத் திருப்பம் தேவையே இல்லை. சப்பி விழுங்கினால் போதும். தேவையில்லாத வேலையை நாக்கு ஏன் பழகும்?

மிக்ஸியும் நம் வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. சுமீத் மிக்ஸி வந்தது 1960-களில். சாதாரண வீடுகளுக்குப் பரவ இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் மத்தும் கரண்டியின் பின்பக்கமும் அம்மாவின் விரல்களும்தான். அவற்றால் முழு வழவழப்பு வராது, வர வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில்கூட மிச்சிகனில் ஒரு டப்பா உணவுத் தொழிற்சாலை, கெர்பர் குடும்பத்தாருடையது, வடிகட்டிய பட்டாணிக் கூழை 1928-இல்தான் கடைக்கு அனுப்பியது. துளிக் கட்டியும் இல்லாத குழந்தை உணவு கடைக்கு வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன.

இப்போது நொய். அதுவும் புழுங்கல் நொய். ஏன் புழுங்கல் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கி, நரம்பு செத்து, இதயம் நின்றுபோகும் நோய். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு மிக அரிதாகவே வந்தது. அங்கே பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இரு தரப்பின் தட்டையும் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது அவித்த புழுங்கல். 1905-இல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்தார். பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல். பச்சரிசிப் பக்கம் முப்பது பேருக்கும் மேல் நோய் கண்டு 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் நோயோடு உள்ளே வந்த ஓரிருவரைத் தவிர யாருக்கும் இல்லை. கேட்க நாதியற்ற மனிதர்கள்மேல் நடந்த சோதனை அது, படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அரிசியில் ஏதோ நஞ்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள். தயாமின் என்ற பி1 வைட்டமின் இல்லாததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் படலத்தில் இருக்கும் தயாமின் தண்ணீரில் கரைந்து மணிக்குள் இறங்குகிறது. பிறகு பாலிஷ் போட்டாலும் ஒரு பங்கு உள்ளே தங்குகிறது. ஆரணி ஆலைகளின் அவியல் தொட்டிகளில் இன்றும் நடப்பது அதுதான். அந்தப் புழுங்கல் உடைந்து விழுந்த நொய்தான் மூட்டையில் கிடக்கிறது. நம் தாத்தாக்களைத் தோட்டக்காட்டில் காப்பாற்றிய அரிசி குழந்தையின் கிண்ணத்துக்கு வரட்டும் என்று நான் ஆசைப்படுவதில் தப்பில்லை.

ஆகவே நொய்யை லேசாகக் கழுவுங்கள். நாலு தண்ணீர் மாற்றினால் அந்தச் சத்து சாக்கடைக்குப் போகும். அரை மணி நேரம் ஊறவிட்டு, பாதியளவு பாசிப்பருப்பு சேர்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். கஞ்சியை வடிக்க வேண்டாம். ஏழாம் மாதம் மத்தால் நன்றாகக் கடையுங்கள். சில நாள் கழித்து இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். எட்டாம் மாதம் மத்தை எடுக்கவே வேண்டாம், நொய் நொய்யாகவே இருக்கட்டும். ஒன்பதில் குருணை, பிறகு குழைந்த சோறு. கேழ்வரகையும் இப்படியே ஏற்றலாம். ஆடி மாதம் கோயிலில் ஊற்றும் கூழில் நொய் போட்டுத்தானே காய்ச்சுகிறோம்? உப்பில்லாமல் கெட்டியாகக் காய்ச்சினால் அதுவே எட்டு மாத உணவு. ஆனால் அரிசியிலும் கேழ்வரகிலும் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. மசித்த கீரை, பருப்பு, பிறகு முட்டை, ஈரல் எல்லாம் கூட வர வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், நீர்க்கத் தராதீர்கள். தண்ணீராய் ஓடும் கஞ்சியில் அடியில் நொய் கிடப்பதும் ரசத்தில் சோறு மிதப்பதும்தான் பழகாத வாய்க்கு மிகக் கடினம். தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடும், பின்னால் வரும் சோறு நாக்கை ஏமாற்றும். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று விழாத பதம் வேண்டும். பாலாடையும் சங்கும் பாலுக்கு அருமையான பாத்திரங்கள். கூழை அதில் ஊற்றிப் புகட்டாதீர்கள். காலை நீட்டிக் குழந்தையைப் படுக்கவைத்து ஊட்டுகிற வழக்கத்தையும் ஆறாம் மாதத்தோடு விட்டுவிட வேண்டும். மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். தூளியில் வைத்து எதையும் ஊட்டக் கூடாது. தறியை மிதித்துக்கொண்டே ஒரு கையால் ஊட்டுகிற அம்மாக்களின் நெருக்கடி எனக்குத் தெரியும். ஒரு சேலை இறங்கினால்தான் கூலி. அதனால்தான் வீட்டிலிருக்கும் மற்றவர்களைக் கேட்கிறேன். அந்த இருபது நிமிடம் அப்பாவோ ஆயாவோ குழந்தையோடு உட்காரட்டும்.

தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. குழந்தைக்குக் குமட்டும் இடம் நாக்கின் முன்பக்கமாகவே இருக்கிறது. அதனால் சின்னக் கட்டி பட்டாலே கண் கலங்கி, முகம் சிவந்து, சத்தமாக ஓங்கரிக்கும், இருமும். அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்வது. பதறாமல் காத்திருந்தால் தானே வெளியே தள்ளிவிடும். பழகப் பழகக் குமட்டல் பின்னால் நகரும். உண்மையான ஆபத்தில் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது தலைகீழாகப் பிடித்து உதறக் கூடாது, கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவவும் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்சு நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். உங்கள் ஊர்ச் செவிலியரிடம் ஒருமுறை நேரில் செய்துகாட்டச் சொல்லுங்கள். எழுத்தில் படித்தது பதற்றத்தில் கைக்கு வராது.

நொய்யால் இந்த நிலை வருவது அரிது. வருவது முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட் துண்டு இவற்றால். திருவண்ணாமலை மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கடலை காயும் முற்றத்தில் தவழும் குழந்தைமேல் ஒரு கண் இருக்கட்டும். அதே கடலையை நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து முதல் வயதுக்குள்ளேயே கொடுப்பது, பின்னால் கடலை ஒவ்வாமை வரும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும் என்று லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. கரப்பான் அதிகமாக இருக்கிற குழந்தை, முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே கடலையைத் தொடங்குங்கள்.

ஒன்பது மாதம் தாண்டியும் கூழிலேயே இருக்கிற குழந்தையின் வீட்டார் பயப்பட வேண்டாம், நாளைக்கே தொடங்குங்கள். முதல் வாரம் துப்பும். துப்பினால் திட்டாமல், வாயைப் பிடித்துத் திணிக்காமல், அடுத்த வேளை மறுபடி வையுங்கள். ஒரு வயதைத் தாண்டியும் எந்தக் கட்டியையும் ஏற்காமல் வாந்தியே எடுக்கிறது, எடை ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முட்டைக்கு இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் முட்டை, மீன், ஈரல். முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலந்தால் கெட்டிக் கஞ்சி சில நிமிடத்தில் இளகுவதைப் பரோடாவில் தாரா கோபால்தாஸ் 1980-களில் ஆராய்ந்த கதையும் கையில் இருக்கிறது. இடம் கிடைத்தால் அதுவும்.