பூட்டிய அலமாரியும் திட்டமிட்ட மாற்றமும்

ஒரு பொது நூல் நிலையத்தில் அலமாரிகள் பூட்டியிருக்கின்றன. வாசகர் சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருக்க, ஊழியர் நூலை எடுத்து வருகிறார். இம்முறையை மாற்றி, வாசகரே அலமாரியை அணுகித் தேர்ந்தெடுக்கும்படி செய்ய விரும்புகிறோம். பூட்டுகளைத் திறந்துவிட்டால் போதுமா? போதாது. நூல்கள் இடம் மாறும், சில காணாமற்போகும், பழைய முறையே நன்று என்ற குரல் எழும். ஆகவே மாற்றத்தை ஒரு திட்டப் பணியாகவே நடத்துதல் வேண்டும்.

முதலில், நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக. அடுத்து, வேலைகளை வரிசைப்படுத்துக: நூல்களைப் பொருள்வாரியாக வகுத்தல், எண் ஒட்டுதல், ஊழியரைப் பயிற்றுதல், அதன் பின்னரே பூட்டைத் திறத்தல். ஒவ்வொன்றிற்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு கெடுவும் வேண்டும். பின்னர், ஒரு பகுதியை மட்டும் திறந்து, சில மாதங்கள் கழித்து இருப்பை எண்ணிப் பார்த்து, கண்ட குறைகளைக் களைந்து, ஏனைய பகுதிகளுக்கும் விரிவாக்குக.

கணித ஆசிரியராயிருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று மீண்ட அவர், அங்கே திறந்த அலமாரி முறையைக் கொணர்ந்தார். 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நூலின் பயனையே முதலாவதாக வைத்தார். 1933-இல் தம் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். திறந்த அலமாரிக்கு ஒழுங்கான பகுப்பே காவல்.

இழப்புக்கு அஞ்சிப் பூட்டிய நூல் பத்திரமாக இருக்கும்; ஆனால் படிக்கப்படாது. அவ்விழப்பை எந்த இருப்புக் கணக்கும் காட்டுவதில்லை.