காரைக்காலில் தெருவில் தூங்குபவருக்கு இடம் தரவேண்டியது யார்?

இரவு கடை ஷட்டர் இறங்கியதும் அதே வாசலில் ஒருவர் துண்டை விரிக்கிறார். காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் 'பாவம்'னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். ஆனா அவருக்குக் கூரை தருவது தர்மம் இல்லை, நகராட்சியின் வேலை.

எந்த விதிப்படி?

2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் மாவட்டத் தலைநகரங்களையும் சேர்த்தது. 2011 கணக்குப்படி காரைக்கால் நகராட்சியில் 86,838 பேர்தான். ஆனாலும் மாவட்டத் தலைநகரம் என்பதால் திட்டத்துக்குள் வந்துவிட்டது.

என்ன இருக்கணும்?

ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, குடிநீர், கழிப்பறை. வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கணும். அடையாள அட்டை, ஓய்வூதியம் வாங்கித் தரும் உதவியும் இதில் அடக்கம்.

சிக்கல் எங்கே?

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்ததும் நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. 'எங்க வார்டுல ஒருத்தர் தெருவுல படுக்குறார்'னு சொல்ல கவுன்சிலர் இல்லாமல் வருடங்கள் ஓடின.

நாம என்ன செய்யலாம்?

இடத்தைக் குறிப்பிட்டு நகராட்சி ஆணையருக்கு மனு கொடுங்க. காப்பகத்தில் எத்தனை பேர் தங்கலாம்னு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. 30 நாளில் பதில் தரணும்.