கிள்ளான் சுறாவும் குவாந்தான் சுறாவும்

பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்யச் சின்னச் சுறா தேடி கிள்ளான் சந்தைக்குப் போகிறவர்கள் அளவையும் செவுளையும் பார்ப்பார்கள். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, மண்வெட்டிபோல் தட்டையான மூக்கு. மலாய்க்காரர் கடையில் ‘யூ’ என்றால் போதும். எந்தக் கரையில் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். தட்டைமூக்குச் சுறாவில் இரண்டு இனங்கள் உண்டு.

கிள்ளான் பக்கம், மலாக்கா நீரிணையில் இருப்பது ஸ்கோலியோடான் லாடிகாடஸ்; வங்காள விரிகுடாவிலும் மும்பை, குஜராத் கரைகளிலும் கிடைக்கும் அதே இனம். குவாந்தான் பக்கம், தென் சீனக் கடலில் இருப்பது ஸ்கோலியோடான் மேக்ரோரிங்கோஸ். 1852இல் டச்சு அறிஞர் பிளீக்கர் இதற்குப் பெயரிட்டார். பின்னாளில் இரண்டும் ஒன்றே என்று சேர்த்துவிட்டார்கள். 2010இல் மரபணுவும் உடலமைப்பும் பார்த்துத்தான் மறுபடி பிரித்தார்கள்.

சிக்கல் அதோடு தீரவில்லை. மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று தீபகற்ப மலேசியா, போர்னியோ, வங்காள விரிகுடாவின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களின் சுறாக்களை ஒப்பிட்டு 2022இல் முடிவை வெளியிட்டது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, நீரிணைச் சுறா மூன்றாவது இனமாக இருக்கலாம் என்றது. உட்கரு மரபணு அதை ஒப்பவில்லை. பல், உடல் அளவுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. கடைசியில் நீரிணைச் சுறாவை லாடிகாடஸ் கணக்கிலேயே வைத்தார்கள். இந்துமாக்கடல் இனத்துக்கும் பசிபிக் இனத்துக்கும் எல்லை மலாக்கா நீரிணைதான் என்பது அவர்கள் முடிவு. கிள்ளான்காரர் வாங்கும் சுறா குவாந்தான் சுறாவைவிடத் தமிழ்நாட்டுச் சுறாவுக்கே நெருங்கிய சொந்தம்! எனக்கு இது பெரிய செய்தியாகப் படுகிறது.

கண்ணால் பிரிப்பது கடினம். பிடித்த கரையே நம்பகமான அடையாளம். இரண்டும் கரையோரச் சேற்றுநீரில் வாழ்பவை, குட்டி போடுபவை. லாடிகாடஸின் முட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சுறாக்களில் இவ்வளவு சிறிய முட்டை வேறில்லை. மஞ்சள்கருவே இல்லாத அளவு. அதனால் கரு, நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்தே உணவெடுத்து 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்ந்து பிறக்கிறது.

இவை இடம்பெற்ற சுறாக் குடும்பம் முழுவதும் 2023 நவம்பர் முதல், அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி விற்க அனுமதி வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே விற்பதன் பிடிப்புக் கணக்கில் இரண்டையும் ‘யூ’ என்று ஒரே வரியில் எழுதினால், நீரிணையில் ஓர் இனம் குறைந்தாலும் கிழக்குக் கரையின் வரத்து அதை மறைத்துவிடும். கரையின் பெயரையாவது சேர்த்து எழுதச் சொல்லி மீன்வளத் துறையிடம் நாம் கேட்கலாம்.