வைஃபை இருக்கிறது, அழைப்பு போகவில்லை

கோரிமேட்டில் திண்டிவனம் சாலையைப் பிடித்து வடக்கே போனால், கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி முடிந்துவிடும். பெட்ரோல் விலை ஏறும், போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி மறையும். செல்போன் கம்பெனிகளுக்கு மட்டும் இங்கே எல்லை என்று எதுவும் இல்லை. அவர்கள் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் அடங்கியது. லேண்ட்லைனிலும் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லுக்குப் புதுச்சேரியின் 0413தான். ஆகவே “பார்டர் ஏரியா, அதான் டவர் கிடைக்கல” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டவர் கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் வீடுதான். கம்பி நிறைந்த கான்கிரீட் தளம், வெயிலுக்காக மொட்டை மாடியில் போட்ட தகரக் கூரை, ஜன்னலில் உலோகப் பூச்சுக் கண்ணாடி: ஒவ்வொன்றும் அலையின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அதிர்வெண் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். பழைய 2ஜியின் 900 மெகாஹெர்ட்ஸ் அலை நுழைந்த அறையில், 3500 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வரும் 5ஜி அலை திணறுவது அதனால்தான். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் அறைகளின் கான்கிரீட் சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனாக இருக்கும். கதிரையே தடுக்கும் சுவரில் செல்போன் அலைக்கு ஏது வழி?

இதற்கு மருந்தாகப் பலர் தேடிப் போவது ‘பூஸ்டர்’. மாடியில் ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா, நடுவில் ஒரு பெட்டி. தயவுசெய்து வாங்காதீர்கள். தனியார் இதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் வெளிப்படையாகவே எச்சரித்தது. காரணம் வெறும் கெடுபிடி அல்ல. மலிவான பூஸ்டர், வரும் அலையோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். இரண்டு ஆன்டெனாவும் அருகருகே இருந்தால் ஒன்று விடுவதை மற்றொன்று வாங்கி, கல்யாண மண்டப மைக் வீறிடுவதுபோல வீறிடும். நம் காதுக்குக் கேட்காது, தெருமுனை டவருக்குக் கேட்கும். அந்த டவரை நம்பியிருக்கும் அத்தனை வீட்டு அழைப்பும் தடுமாறும்.

வெளிநாடுகளில் வேறு வழி பிடித்தார்கள். வெளியிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்குவதற்குப் பதில், வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி டவரை வைத்துவிட்டார்கள். ஃபெம்டோசெல் என்று பெயர். பிரிட்டனில் வோடஃபோனின் ‘ஷ்யூர் சிக்னல்’, அமெரிக்காவில் ஏடி அண்ட் டியின் ‘மைக்ரோசெல்’ எல்லாம் இந்த வகை. வீட்டு ரவுட்டரில் கேபிளைச் செருகினால், பிராட்பேண்ட் வழியாகக் கம்பெனியின் மையத்தோடு பேசும். மைக்ரோசெல் முதல் முறை உயிர்பெற ஒன்றரை மணி நேரம்கூட எடுத்துக்கொண்டது. ஜிபிஎஸ் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெட்டியை ஜன்னலோரம் நகர்த்த வேண்டியிருந்தது, ஏனென்றால் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் அது அலைபரப்பாது. 3ஜியை நம்பி வந்த கருவி. 2022இல் ஏடி அண்ட் டி 3ஜியை மூடியபோது மைக்ரோசெல்லும் போய்ச்சேர்ந்தது.

நம் ஊரில் ஃபெம்டோசெல் கடைச்சரக்காக வரவில்லை. வந்தது வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரில் தொடங்கியது, ஜியோ 2020 ஜனவரியில். ஃபெம்டோசெல் பார்த்த வேலையை இப்போது போனே பார்க்கிறது. வீட்டு வைஃபையைப் பிடித்து, இணையத்தின் ஊடே கம்பெனியின் நுழைவாயில் வரை பூட்டுப்போட்ட ஒரு சுரங்கப்பாதை போடுகிறது. நம் குரல் அதற்குள் போகிறது. தனிச் செயலி வேண்டாம், அதே எண், அதே கட்டணம்.

இங்கேதான் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். யூடியூப் ஓடுகிறது, வாட்ஸாப் ஓடுகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை என்றால் வைஃபையின் வேகத்தைச் சந்தேகிப்பதில் பயனில்லை. ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் போதும். சந்தேகிக்க வேண்டியது அந்தச் சுரங்கப்பாதையை.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்து, யாரையாவது அழையுங்கள். மணி அடித்தால் சுரங்கப்பாதை நன்றாகவே இருக்கிறது. வைஃபை கையில் இருந்தும் போன் ஒற்றைப் பாயிண்ட் டவரையே கட்டிக்கொண்டு தொங்குகிறது என்று அர்த்தம். சிம் செட்டிங்ஸில் வைஃபைக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

மணி அடிக்கவில்லையா? போனில் விபிஎன் ஓடுகிறதா, ‘பிரைவேட் டிஎன்எஸ்’ மாற்றியிருக்கிறதா என்று பார்த்து அணையுங்கள். அப்புறம் மற்றொருவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே போகிறது, வீட்டில் போகவில்லை என்றால் குற்றவாளி ரவுட்டரோ அதற்குப் பின்னால் இருக்கும் லைனோதான்.

ரவுட்டரில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். சுரங்கப்பாதைக்கு யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட் திறந்திருக்க வேண்டும். ‘ஐபிசெக் பாஸ்த்ரூ’ என்று ஒரு தேர்வு இருந்தால் அதை ஆன் செய்ய வேண்டும். அடுத்தது தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு, அதாவது எம்டியு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் ஃபைபர் லைன்களில் 8 பைட் கழிந்து 1492 ஆகிவிடும். சுரங்கப்பாதையின் உறை அதற்குமேல் ஏறினால் பெரிய பொட்டலங்கள் துண்டாகும். துண்டுகளைச் சந்தேகத்தோடு பார்த்து வீசியெறியும் ‘ஃபயர்வால்’ அமைப்பு சில ரவுட்டர்களில் உண்டு. அப்போது முதல் கைகுலுக்கலே நடக்காது. எம்டியு அளவை 1492க்கு மாற்றி, அந்த அமைப்பையும் தளர்த்திப் பார்க்கலாம்.

இன்னொரு கோளாறு குழப்பமானது: நாம் அழைத்தால் போகிறது, நமக்கு யார் அழைத்தாலும் “ஸ்விட்ச்டு ஆஃப்”. சுரங்கப்பாதையில் கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் ரவுட்டர் அந்த இணைப்பை மறந்துவிடும். அதைத் தடுக்கத்தான் போன் 20 நொடிக்கு ஒருமுறை போல ஒரு சின்னத் துணுக்கை அனுப்புகிறது. பேட்டரி சேமிப்பு அதை நிறுத்தியிருக்கலாம். ஃபைபர்காரர் கொடுத்த மோடத்துக்குப் பின்னால் நாமும் ஒரு ரவுட்டர் மாட்டியிருந்தால் மறக்கும் இடம் இரண்டாகிறது. ஒன்றை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றச் சொல்லலாம்.

குரல் விட்டுவிட்டுக் கேட்டால் மட்டும் சுரங்கத்தை விட்டுவிட்டு வைஃபையைப் பாருங்கள். பின்கட்டு அறையில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4தான் எட்டும். வீட்டில் யாராவது கல்யாண வீடியோவை மேலேற்றிக்கொண்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் ரவுட்டர் செட்டிங்ஸில் தீராது. கரண்ட் போனால் மோடம் அணையும், வைஃபை காலிங்கும் அதோடு போகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது போன்ற நேரங்களில்தான் போன் மிக அவசியம். மோடத்துக்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.