ஒரு ரவிக்கைக்கு ஏன் இத்தனை நாள்?

தீபாவளி நெருங்கும்போது தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையல்கடைகளில் ஒரே கேள்விதான்: "அண்ணே, எப்போது கிடைக்கும்?"

ரவிக்கையைத் தைக்கச் சில மணி நேரம் போதும். கைக்கு வரவோ சில வாரங்கள் ஆகின்றன. மீதி நாளெல்லாம் துணி வரிசையில் காத்துக் கிடக்கிறது.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 1961ல் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் நிரூபித்தது. கையிலுள்ள வேலையை ஒரு நாளில் முடியும் வேலையால் வகுத்தால், சராசரியாகக் காத்திருக்கும் நாள் தெரியும். தினம் 10 ரவிக்கை தைக்கும் கடையில் 200 துணி இருந்தால் 20 நாள். "அடுத்த வாரம் வாங்க" என்ற பேச்சை நம்பி, பண்டிகையன்று பழைய ரவிக்கையோடு நின்றவள் நான். 'அவசரம்' என்று ஒரு துணியை முன்னே தள்ளினால், பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் தாமதம்.

கையிருப்பு வைக்கலாமே என்பீர்கள். அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், தைத்த ரவிக்கையை அடுக்கி வைக்க முடியாது. ஆனால் லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாருக்கும் பொது. அவை தீர்ந்து வேலை நிற்கக்கூடாது. திருத்த வேலைக்கென்று கடைசிச் சில நாட்களை ஒதுக்கி, புதுத் துணியை மறுப்பதும் ஒருவகைக் கையிருப்புதான். அது நாட்களின் கையிருப்பு.

அடுத்த முறை துணி கொடுக்கும்போது இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கையில் எத்தனை இருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை முடிப்பீங்க?" பதிலை நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.