ஊடாடும் மின்னூலின் ஆக்கமும் சோதனையும்: திருக்குற்றாலக் குறவஞ்சியை முன்வைத்து

அச்சுநூலின் பக்கங்களைப் படமெடுத்துத் தொகுத்தலே மின்னூலாக்கம் என்னும் எண்ணம் மாணவர் திட்டங்களில் இன்னும் காணப்படுகிறது. படிப்போர் தொட்டுப் பொருள் அறியவும், பாடலைக் கேட்கவும், விடையளித்துச் சரிபார்க்கவும் இடந்தருவது ஊடாடும் மின்னூல். அதற்குரிய திறந்த வடிவமாகிய இபப் 3, 2011இல் வெளிவந்தது.

எந்நூலுக்கு இவ்வடிவம் தேவை என்பதே முதல் வினா. தென்காசி, குற்றாலப் பகுதி மாணவர்க்குத் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி தக்கதொரு தேர்வு. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டினர். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றது. வசந்தவல்லியின் காதலும் சிங்கியின் குறியும் சிங்கனின் தேடலும் அமைந்த இந்நூல் பாடவும் ஆடவும் எழுந்தது. இராகமும் தாளமும் இசைப்பாடல்களுக்குக் குறிக்கப்பெற்றிருப்பினும் அச்சுத்தாளில் அவை ஊமைக் குறிப்புகளே. ஒலியிணைப்புக்கு நியாயம் தருவன அவையே. பக்கம் புரளும் அசைவும் பின்னணியில் அருவியின் இரைச்சலும் வெறும் ஒப்பனை. நூலறிவுக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

மூலபாடம் அடுத்த நிலை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பை எடுத்தாளலாம். ஆயினும் அச்சுப்பதிப்பு ஒன்றோடு அடிதோறும் ஒப்பிடாமல் இணைத்தல் ஆய்வாகாது. சந்தி சேர்ந்த பாடம் திரையில் நிற்க, தொட்டவிடத்துப் பிரித்த பாடம் தோன்றுமாறு அமைத்தால் ஓசையும் பொருளும் ஒருங்கே காக்கப்படும்.

சோதனை என்றவுடன் இபப்செக் போன்ற சரிபார்ப்பு மென்பொருளை இயக்கிப் பிழையின்மை காட்டுவதோடு பலர் அமைகின்றனர். அம்மென்பொருள் கோப்பின் கட்டமைப்பையே அறியும், தமிழை அறியாது. ‘மௌவல்’ என்பதில் ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் குறியையும் ளகரத்தையும் இட்டு ‘மெளவல்’ எனத் தட்டச்சிட்டாலும் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. தேடலில் அச்சொல் அகப்படாது. எகரத்துக்கு மாற்றாக ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணை இடுதலும் இத்தகையதே. யாப்பில் நேரும் இழப்பு இன்னும் நுட்பமானது. எண்சீர் விருத்தத்தின் ஓரடி கைபேசித் திரையில் இரண்டு, மூன்று வரிகளாக மடங்கும். அடித்தொடக்கம் எது, மடங்கிய வரி எது என வேறுபடாதபோது அடியெதுகை மறைந்துவிடுகிறது. மடங்கிய வரியை உள்தள்ளி நிறுத்தும் நடையமைப்பால் இதனைத் தீர்க்கலாம். எழுத்தளவைப் பெருக்கியும் திரையைக் கிடையாக்கியும் பார்த்தபின்னரே தீர்ந்ததா என உறுதிசெய்ய இயலும்.

நிலப்பட இணைப்பில் எச்சரிக்கை தேவை. பறவைகள் மேய வரும் பகுதியில் ஊர்ப்பெயர்களும் வயற்பெயர்களும் நிரம்ப உள்ளன. நேரில் சென்று அவற்றை அடையாளங்காணுதல் உள்ளூர் மாணவர்க்கே வாய்க்கும் பேறு. எனினும் ஐந்தருவி, பழைய குற்றால அருவி எனச் சுற்றுலாப் பயணிகள் இன்று வழங்கும் பெயர்களைப் பாடலின் அருவிகள்மேல் ஏற்றிவிடின் உரைகாரர் செய்யாத பிழையைப் படம் செய்துவிடும். ஐயமுள்ள இடத்தை ஐயக்குறியோடு காட்டுதல் வேண்டும்.

பயனர் சோதனையில் ‘மின்னூல் பிடித்திருந்ததா’ என்னும் வினாவால் கிடைப்பது உபசார விடை. முன்பின் கேளாத கண்ணி ஒன்றை அச்சில் மட்டும் படித்த குழுவும் ஒலியோடு படித்த குழுவும் எங்ஙனம் சீர்பிரிக்கின்றன என ஒப்பிடுதல் பயன்தரும். மாணவர் எவ்விடத்தில் தயங்கினர், எவ்விணைப்பைத் தொடாமலே கடந்தனர் என்பதை அருகிருந்து, உதவி செய்யாமல் குறித்தல் வேண்டும்.

மூலநூலுக்குக் காப்புரிமைத் தடையில்லை. அண்மைக்கால உரைக்கும் ஒலிப்பதிவுக்கும் இசைவு பெறவேண்டும். வினாடிவினாவை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஏற்பது இபப் படிப்பான்களுக்குக் கட்டாயமன்று. ஆகவே விடைகளை நூலிறுதியில் எளிய இணைப்பாகவும் வைத்தல் தகும். நிரல் இயங்காத கருவியிலும் அப்பகுதி வெற்றிடமாகாது.